ஆசாரிக்கு ஒரு பிரெஞ்சுப் படம்

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துக்கு அருகே ஒரு சந்தில் 1988 முதல் 2010 வரை வீடியோ கடை வைத்திருந்தேன். முதலில் காசெட், பிறகு விசிடி, கடைசியில் டிவிடி. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் படத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். "நல்ல படமா ஒண்ணு குடுங்க" என்பார்கள். புதுப்படங்களை எடுத்து வைத்தால், "இதெல்லாம் பார்த்தாச்சு, வேற ஏதாவது?" என்பார்கள். அந்த 'வேற ஏதாவது'க்கு எந்தப் படத்தை எடுத்து நீட்டுவது என்பதைத்தான் இருபத்திரண்டு வருஷமாகக் கற்றுக்கொண்டேன். கடையை மூடியாயிற்று. கேட்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

எனக்கே அந்தப் பக்கம் வழிகாட்டியது தூர்தர்ஷன்தான். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், விருது வாங்கிய வங்காளப் படமோ மலையாளப் படமோ கன்னடப் படமோ ஓடும். கீழே ஆங்கிலத்தில் எழுத்து வரும். கடையில் இருந்த டெக்கில் காலி காசெட் போட்டு அவற்றைப் பதிவு செய்வேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த சித்தப்பா மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டு மூன்று வெளிநாட்டுப் படங்கள் கொண்டுவருவான். இப்படிச் சேர்ந்து கல்லாவுக்குப் பின்னால் ஒரு தட்டு நிறைந்தது. அந்தத் தட்டுக்கு நான் வாடகை வைக்கவில்லை. யாராவது எடுத்துப் போய்ப் பார்த்தாலே போதும் என்றிருந்தது.

ஆரம்பத்தில் ஒரு பெரிய தவறு செய்தேன். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் தினமும் வருவான். 'நாயகன்' படத்தைக் காட்சி காட்சியாக ஒப்பிப்பான். "உலகத்துலயே பெரிய படம் எதுண்ணே?" என்று ஒருநாள் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. தார்க்கோவ்ஸ்கியின் 'மிரர்' காசெட்டை எடுத்துக் கையில் வைத்தேன். 1975இல் வந்த ரஷ்யப் படம். படுக்கையில் கிடக்கும் ஒருவனின் நினைவுகள் போருக்கு முந்திய காலம், போர்க்காலம், அதற்குப் பிந்திய காலம் என்று மாறி மாறிப் போகும். எந்தக் காலத்தில் நிற்கிறோம் என்று படம் சொல்லாது. அவனுடைய அம்மாவாகவும் மனைவியாகவும் நடிப்பது ஒரே நடிகை, மார்கரிதா தெரெகோவா. எனக்கு உயிரான படம் அது. பையன் மறுநாள் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அந்தத் தட்டுப் பக்கம் அவன் கை போகவே இல்லை. நான் படத்தை மட்டும் பார்த்தேன், கேட்டவனைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

எனக்குச் சரியான வழியைக் காட்டியவர் ஒரு ஆசாரி. காசெட்டுக்காக அடித்த தட்டில் டிவிடி நிற்காது, சரிந்து உள்ளே விழும். 2005இல் தட்டுகளை மாற்றி அடிக்க அவரைக் கூப்பிட்டிருந்தேன். அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேச மாட்டார். அவர் கடைவாசலில் பலகையை இழைத்துக்கொண்டிருக்க, உள்ளே டிவியில் நான் எனக்காக ஒரு படம் போட்டிருந்தேன். 'எ மேன் எஸ்கேப்டு', ராபர்ட் பிரஸ்ஸோன் 1956இல் எடுத்த பிரெஞ்சுப் படம்.

இரண்டாம் உலகப்போர்க் காலம். 1943, ஜெர்மானியர்களின் பிடியில் இருந்த லியோன் நகரத்து மோன்லுக் சிறை. ஃபோந்தேன் என்ற கைதி அங்கிருந்து தப்புகிறான். கதை அவ்வளவுதான். ஆந்த்ரே தெவினி என்பவர் அந்தச் சிறையிலிருந்து உண்மையிலேயே தப்பியவர், அவருடைய அனுபவத்தை வைத்து எடுத்தது. அவன் தப்பிவிட்டான் என்பதைப் படத்தின் தலைப்பே சொல்லிவிடுகிறது. பிறகு என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்பீர்கள். எப்படித் தப்பினான் என்பதுதான் மிச்சம். படம் முழுக்க அதுதான்.

இழைப்புளிச் சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தபோது ஆசாரி என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"கையில என்ன தம்பி அது?"

"ஸ்பூன்ண்ணே. சாப்பாட்டோட வந்தத ஒளிச்சு வச்சுக்கிட்டான். தரையில தேய்ச்சு உளியாக்குறான்."

"இரும்பு ஸ்பூனாத்தான் இருக்கும். அலுமினியம் நிக்காது."

இரும்புதான். நாற்காலியை இழுத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. அறைக் கதவின் பலகைகளுக்கு நடுவே ஃபோந்தேன் சுரண்ட ஆரம்பித்தான். "பலகைய விட்டுட்டு இடையில இருக்கிற சட்டத்தத்தான் நோண்டுறான் பாருங்க. அது வேற மரம். இளசா இருக்கும்" என்றார். ஃபோந்தேனின் குரல் அதையேதான் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டிருந்தது: பலகைகள் ஓக் மரம், அவற்றை இணைக்கும் துண்டுகள் மென்மையான மரம். எனக்குக் கீழே ஓடிய எழுத்தைப் படித்துத்தான் தெரிந்தது. ஆசாரிக்கு அந்தக் கை போன விதத்திலேயே தெரிந்துவிட்டது. சிறிது நேரத்தில் அவர் கவலைப்பட்டார்: "சீவல் கீழ விழுமே, காவக்காரன் பாத்துட மாட்டானா?" அடுத்த காட்சியில் ஃபோந்தேன் அந்தச் சீவலைக் கூட்டி அள்ளினான். ஆசாரி மூச்சு விட்டார்.

பிரஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைத் தவிர்த்தவர். ஃபோந்தேனாக வரும் பிரான்சுவா லத்தெரியே அப்போது ஒரு மாணவர். முகத்தில் பெரிய பாவம் எதுவும் இருக்காது. கேமரா கைகளையே பார்க்கும். படுக்கைக் கம்பியைப் பிரித்துத் துணியோடு முறுக்கிக் கயிறு திரிக்கும் கை, கதவில் காது வைக்கும்போது பலகையைத் தொட்டு நிற்கும் கை. மீதியைச் சத்தம் சொல்லும்: சாவி உரசும் சத்தம், படிக்கட்டில் பூட்ஸ், தூரத்தில் ரயில். இரவில் எங்கிருந்தோ ஒரு கிறீச் ஒலி வரும். அது காவலாளி ரோந்து சுற்றும் சைக்கிள் என்று பிறகுதான் தெரியும். பிரஸ்ஸோன் கடினமான இயக்குநர் என்று புத்தகங்களில் படித்திருக்கிறேன். பிரெஞ்சும் தெரியாத, ஆங்கிலமும் படிக்காத ஆசாரிக்கு ஓர் இடத்திலும் சிரமம் இருக்கவில்லை. அன்று தட்டு வேலை பாதியில் நின்றது. கூலியைக் குறைத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார், நான் சம்மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு யார் படம் கேட்டாலும் அவர் என்ன வேலை செய்கிறார், எதைக் கூர்ந்து பார்த்துப் பழகிய கண் அவருக்கு என்றுதான் முதலில் யோசிக்கிறேன். இந்த மாதிரிப் படங்களைப் பற்றி எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: மெதுவாகப் போகிறது. வழக்கமான படத்தில் ஒருவன் கதவைத் தட்டுவான், அடுத்த நொடி உள்ளே உட்கார்ந்திருப்பான். வேலையை வெட்டிவிட்டு விளைவை மட்டும் காட்டுவது அந்த முறை. பிரஸ்ஸோன் போன்றவர்கள் ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அந்த நேரத்தை அதற்கு விட்டுவைக்கிறார்கள். அந்த வேலையைச் செய்திராதவருக்கு அது வெறும் காத்திருப்பு. செய்தவருக்கு ஒவ்வொரு நொடியிலும் பார்க்க ஏதோ இருக்கிறது.

வேலை என்றால் கைவேலை மட்டும் இல்லை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மனைவியோடு சென்னையில் மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் பதினைந்து நாள் இருக்கப் போனார். எட்டாம் நாள் ஊரில் இருந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒரு மாதம் போகட்டும் என்று விட்டுவிட்டு யசுஜிரோ ஒசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'யைக் கொடுத்தேன். 1953இல் வந்த ஜப்பானியப் படம். "முதல் அரைமணி நேரத்துல ஒண்ணும் நடக்காது சார். பெட்டி கட்டுவாங்க, பிள்ளைங்க வீட்டுக்குப் போய்ச் சேருவாங்க. அத மட்டும் பொறுமையா பாருங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். மகன் டாக்டர், மகள் அழகு நிலையம் நடத்துகிறாள். இருவரும் கெட்டவர்கள் இல்லை, நேரமில்லாதவர்கள். பெற்றோரை அதாமி என்ற வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், தூங்க முடியவில்லை. அவர்களுக்காக வேலைக்கு விடுப்புப் போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுவது போரில் இறந்துபோன இன்னொரு மகனின் மனைவி நொரிக்கோ. செத்சுகோ ஹரா நடித்த பாத்திரம் அது. கிழவராக நடித்த சிஷு ரியுவுக்கு அப்போது வயது 49தான் என்றால் நம்ப முடியாது. ஒசுவின் கேமரா பெரும்பாலும் தரையோடு தாழ்ந்து, அசையாமல் நிற்கும். நம் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, வருவோர் போவோரைப் பார்க்கும் உயரம் அது. நமக்கு அந்நியமான கோணமே இல்லை.

தலைமையாசிரியர் படத்தை ஒன்றரை மாதம் வைத்திருந்தார். திருப்பிக் கொடுக்க வந்தவர் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "அந்தக் காத்துத் தலகாணி" என்று ஆரம்பித்தார்.

படத்தின் தொடக்கத்தில் பெட்டி கட்டும்போது, காற்றடைத்த தலையணையைக் காணோம் என்று கிழவர் தேடுவார். உன்னிடம்தான் கொடுத்தேன் என்பார். என்னிடம் இல்லையே என்பாள் மனைவி. கடைசியில் அது அவர் பையிலேயே இருக்கும். அவ்வளவுதான் காட்சி. முதல் தடவை பார்த்தபோது நானே தாண்டிப் போன இடம்.

"அந்தம்மா அவர ஒரு வார்த்தை சொல்லல, பாத்தீங்களா?" என்றார். "கடைசியில அதே அறையில அவரு தனியா உக்காந்திருக்காரு. நான் திரும்பப் போட்டு அந்த மொதக் காட்சியத்தான் பார்த்தேன்." வாசல்வரை போனவர் திரும்பி நின்று, இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாமா, வீட்டில் அவள் இன்னும் பார்க்கவில்லை என்றார்.

கறுப்பு வெள்ளை என்றதும் பின்வாங்குகிறவர்களும் உண்டு. அவர்களை நான் முதலில் ஜப்பானுக்கு அனுப்புவதில்லை. வீணை எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்' ஒன்றே போதும். பாட்டு கிடையாது. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுவார். யார் சுட்டது என்று ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்வார்கள். அது பிடித்துவிட்டால், மறுவாரம் குரோசாவாவின் 'ரஷோமோன்' தானாகக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

தாலுகா அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த நண்பர் ஒருவருக்குக் குரோசாவாவின் இன்னொரு படம், 1952இல் வந்த 'இகிரு'. சாக்கடைக் குட்டையை மூடித் தரச்சொல்லி மனுக் கொண்டுவரும் பெண்களை அந்தப் பிரிவு இந்தப் பிரிவு என்று அலைக்கழிக்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, படத்தை நிறுத்தி எனக்குப் போன் செய்தார். நாற்காலி மாறும்போது ஒவ்வொருவர் முகத்திலும் வரும் அந்தப் பணிவைத் தான் முப்பது வருஷம் பார்த்திருப்பதாகச் சொன்னார். வீடு கட்டத் தொடங்கும் யாருக்கும் பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). சிமெண்ட் திருட்டைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடத்தில், கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆரம்பப் பள்ளி ஆசிரியைகளுக்கு அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'வேர் இஸ் தி ஃப்ரெண்ட்ஸ் ஹோம்' (1987). பக்கத்துப் பையனின் நோட்டுத் தவறுதலாகத் தன் பையில் வந்துவிட்டதால், அதைக் கொடுக்கக் குன்றேறி அடுத்த ஊருக்கு ஓடும் ஈரானியச் சிறுவனின் கதை. நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு நீக்கிவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். நான் கொடுத்த ஆசிரியைகளில் ஒருவராவது அந்த வாத்தியாரை முழுக்கத் திட்டியதில்லை. அந்த மிரட்டலைத் தாங்களும் சொல்லியிருப்பது அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கும்.

பட்டியல்களை நான் குறைவாகவே நம்புகிறேன். லண்டனிலிருந்து வரும் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து, உலகின் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. முதல் தடவை 'பைசைக்கிள் தீவ்ஸ்'. 1962 முதல் 2002 வரை ஐந்து தடவையும் 'சிட்டிசன் கேன்'. 2012இல் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ'. 2022 டிசம்பரில் முதலிடத்துக்கு வந்தது பெல்ஜியத்தைச் சேர்ந்த ஷந்தால் அக்கர்மான் 1975இல் இயக்கிய 'ஜான் தீல்மன்'. ஒரு பெண் இயக்கிய படம் அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை. மூன்று மணி இருபத்தொரு நிமிடம். பிரஸ்ஸெல்ஸ் நகரத்தில் கணவனை இழந்த ஒருத்தி மூன்று நாள் சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கை விரிக்கிறாள், கடைக்குப் போகிறாள். பெரும்பகுதி அதுதான். நண்பர்கள் பலர் தொடங்கி, பாதியில் விட்டார்கள். எனக்கு யாரிடம் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

திருவையாற்றில் என் அக்கா இருக்கிறாள். வயது எழுபது. கல்யாணமான நாளிலிருந்து அடுப்படி அவள் பொறுப்பு. 2023 பொங்கலுக்குப் போனபோது லேப்டாப்பில் போட்டேன். மதியத்தில் ஆண்கள் வருவார்கள், மகன் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் போய்விடுவார்கள், அந்தக் காசில்தான் அவள் குடும்பம் நடத்துகிறாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இதையெல்லாம் மறைத்துவிட்டு உட்காரவைப்பது சரியில்லை. அக்கா, "சரி, போடு" என்றாள்.

முதல் நாள் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு அறையை விட்டு வெளியேறுவது, சாப்பாட்டு மேசையில் இருக்கும் பீங்கான் சூப் கிண்ணத்தில் பணத்தைப் போட்டு மூடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. கேமரா நகராது, கிட்டவும் போகாது. நாம் சமையலறைக்குள் ஒரு மூலையில் நிற்கிறோம். இரண்டாம் நாள் மதியம் அடுப்பில் இருந்த உருளைக்கிழங்கு அதிகமாக வெந்துவிடுகிறது. பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் அவள் அறை அறையாக நடக்கிறாள். வசனம் இல்லை, இசை இல்லை.

அக்கா தட்டை மடியிலிருந்து கீழே வைத்தாள். "கெழங்கு கொழஞ்சுபோச்சு. இவளுக்கு என்னமோ ஆயிடுச்சுடா."

"ஒரு கெழங்குதானக்கா."

"நீ சமைச்சிருக்கியா? நேத்திக்கு அவ்வளவு கணக்கா வெச்சவ. கிண்ணத்தையும் மூடல, பாரு."

பணம் போட்ட கிண்ணத்தை அவள் மூடாமல் போனதை நான் கவனித்திருக்கவில்லை. இந்தப் படத்தைப் பற்றிக் கட்டுரைகள் படித்திருக்கிறேன், அதற்குமுன் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அக்கா முதல் தடவையிலேயே பிடித்துவிட்டாள். பிறகு மேல்சட்டையில் ஒரு பொத்தான் போடாமல் விட்டதை, கையிலிருந்து நழுவிய பிரஷ்ஷை எல்லாம் அவள்தான் எனக்குக் காட்டிக்கொண்டே வந்தாள். முடிவு பயங்கரமானது, அதை இங்கே சொல்லவில்லை. அது வந்தபோது அக்கா அதிரவில்லை. "நேத்திலேர்ந்தே வந்துட்டுதான் இருந்துது" என்றாள். இந்தப் படத்தை எடுக்கும்போது அக்கர்மானுக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை, ஒளிப்பதிவு செய்த பாபெத் மங்கோல்த் உள்பட உடன் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று சொன்னேன். "அதான்" என்று எழுந்து காப்பி போடப் போனாள்.

இப்போது படம் கிடைப்பது கஷ்டமில்லை. போனிலேயே நூறு படம் இருக்கிறது. அதனாலேயே முன்னைவிட அதிகமாகக் கேட்கிறார்கள் என்று தோன்றுகிறது. சென்ற மாதம் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கும் பையன் கேட்டான். உணவு டெலிவரி வேலை, காலையில் கிளம்பினால் ராத்திரி பதினொன்றுக்கு வருவான். வண்டி தவணையில் எடுத்தது, இன்னும் பதினான்கு டியூ பாக்கி. "ஒரு நல்ல படம் சொல்லுங்க மாமா. ஆனா தூக்கம் வரக்கூடாது" என்றான்.

இவனுக்கு 'பைசைக்கிள் தீவ்ஸ்' தவிர வேறு எதையும் யோசிக்கவில்லை. 1948, ரோம். போர் முடிந்த ஊர், வேலையில்லாக் கூட்டம். அந்தோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் இருந்தால்தான் வேலை. சைக்கிளோ அடகில். விட்டோரியோ டி சிகா இந்தப் படத்துக்குப் பணம் தேடியபோது, ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்டைப் போட்டால் தருகிறேன் என்று அமெரிக்கத் தயாரிப்பாளர் செல்ஸ்னிக் சொன்னாராம். டி சிகா லம்பெர்த்தோ மஜ்ஜொரானி என்ற ஆலைத் தொழிலாளியை நடிக்கவைத்தார். 1950இல் விளம்பர நிறுவன வேலையாக லண்டன் போயிருந்த சத்யஜித் ராய் அங்கே இதைப் பார்த்தார். ஸ்டுடியோவும் நட்சத்திரமும் இல்லாமல் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துவிடலாம் என்ற துணிச்சல் அவருக்கு அங்கேதான் வந்தது. இதெல்லாம் நான் பையனிடம் சொல்லவில்லை. "வண்டி இருந்தாத்தான் வேலைன்னு ஒருத்தன்கிட்ட சொல்லிடுறாங்க" என்று மட்டும் சொன்னேன்.

ஞாயிறு இரவு என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தான். அந்தோனியோவின் மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக் கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். அதை வாங்கிய ஆள் உள்ளே கொண்டுபோய், கூரை வரை உயர்ந்த அடுக்குகளில் ஏறி வைக்கிறான். அத்தனையும் ஊராருடைய விரிப்புகள். பையன் போனைக் கவிழ்த்து வைத்தான். சைக்கிள் மீண்டு வருகிறது. முதல் நாள் வேலை. ஏணியில் நின்று அந்தோனியோ ஒரு நடிகையின் சுவரொட்டியை ஒட்டுகிறான், சுவரில் சாய்த்த சைக்கிளைச் சுற்றி இரண்டு மூன்று பேர் நோட்டம் விடுகிறார்கள். ஒருவன் ஏறி மிதித்துப் பறக்கிறான்.

பையன் என்னிடம் படத்தை நிறுத்தச் சொன்னான். எழுந்து வாசலுக்குப் போனான். தெருவிளக்கடியில் நின்ற வண்டியின் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தான், பூட்டியிருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, "ம், போடுங்க மாமா" என்றான்.